வடக்கே நீண்ட கூரை

1

செவ்வந்தி முன்னால் நடந்துகொண்டிருந்தாள். நான் கொஞ்சம் விட்டுப் பின்னால். அவள் கக்கத்தில் படச்சுருள், தோளில் பை, காலில் வீட்டுச் செருப்பு. வெளியே போகிற செருப்பை மாட்டக்கூட அவள் நிற்கவில்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால் என் மச்சானின் கோழிப்பண்ணை சிறுத்துக்கொண்டே போனது. கோழிச் சத்தம் மட்டும் சிறுக்கவில்லை. மண்தடம் முடிந்து சங்ககிரி ரோடு வரும்வரை கூடவே வந்தது.

கேட்டைத் தாண்டும்போது முட்டை அடுக்குகிற பெண்கள் எழுந்து நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, "போலே அம்மணி" என்றாள்.

போலே என்பது சுவாஹிலிச் சொல். செவ்வந்திதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். எங்கள் ஊரில் ஒருவர் தடுக்கி விழுந்தாலும், வெயிலில் வேர்த்து நின்றாலும், வீட்டில் சாவு விழுந்தாலும் பக்கத்தில் இருப்பவர் "போலே" என்பார். நடந்ததில் அவர் தப்பு ஒன்றும் இருக்காது, ஆனாலும் சொல்வார். எங்கள் ஊர் என்று நான் எழுதுவது தான்சானியாவின் தார் எஸ் சலாமை. செவ்வந்தி பிறந்து வளர்ந்தது அங்கே. பள்ளிப்படிப்பு முடிந்து, பொங்கலுக்கு என்னோடு சங்ககிரிப் பக்கம் வந்திருந்தாள். அவள் மாமன் வீட்டில் தங்கி, நுழைவுத் தேர்வு எழுதி, சேலத்தில் ஆர்க்கிடெக்சர் சேர்வது என்பது ஏற்பாடு. சின்ன வயதிலிருந்து அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

தார் ரோட்டில் ஏறியதும் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"நானும் உங்க கூடவே ஊருக்கு வந்துடறேன்ப்பா. காலேஜும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"சரி, நட" என்றேன்.

2

இதை எழுதும்போது இங்கே தார் எஸ் சலாமில் ஜூன் மாதம். மதியம் நான் வேலை செய்கிற யார்டில் நின்றால் என் நிழல் தெற்கே விழுகிறது. இன்று அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் டீ ஆறிவிட்டது. எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியவன். நிறுத்தினேன் என்பதுகூடப் பெரிய வார்த்தை. திருச்செங்கோட்டிலிருந்து ஒரு ரிக் வண்டி போர் போட ஆந்திராவுக்குக் கிளம்பியது, ஏறிக்கொண்டேன். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இருந்தது. பிறகு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான். ஒரு நாள் முதலாளி ரிக்கைக் கப்பலில் ஏற்றினார், எங்களை விமானத்தில் ஏற்றினார். கென்யா, மொசாம்பிக் என்று அலைந்து, கடைசியில் இங்கே வந்து நின்றேன். சம்பளம் வராத மாதங்கள் உண்டு. மலேரியா வருவதும் போவதுமாக இருந்தது. இடது கை நடுவிரலில் மேல்கணு கிடையாது, ராடு கழற்றும்போது போனது. ரிக்கில் போன எல்லோரிடமும் இப்படி ஏதாவது இருக்கும். இதில் சொல்ல ஒன்றுமில்லை.

தங்கும் அனுமதி புதுப்பிக்கிற அலுவலகத்தில் தொழில் என்ற கட்டம் வந்ததும் ஒவ்வொரு முறையும் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். டிரில்லர், டிரைவர், வெல்டர், சில காலம் ஒன்றும் இல்லை. ஒருமுறை அங்கிருந்த அம்மாள் சிரித்துக்கொண்டே "ஃபுண்டி" என்று தானே எழுதிவிட்டார். கையால் எதையாவது செய்கிறவர் எல்லோரும் இங்கே ஃபுண்டி. கொத்தனார், தையல்காரர், மெக்கானிக், எல்லோருக்கும் அது ஒரே பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்துப்போனது.

இப்போது காலையில் தள்ளுவண்டி மாமாவிடம் சப்பாத்தியும் டீயும். மாமா என்றால் இங்கே அம்மா. அது முடிந்ததும் மினிபஸ் பிடித்து யார்டுக்கு. பழைய ரிக்குகளைப் பிரித்துப் பூட்டுவது என் வேலை. மாலையில் திரும்பினால் சரசு, என் மனைவி, டிவியில் நம் ஊர்த் தொடர் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டரை மணி நேர வித்தியாசத்தில் ஊரில் அதற்குள் எல்லோரும் தூங்கப் போயிருப்பார்கள்.

ஒன்று மட்டும் எப்போதும் உறுத்தும். நான் செய்த வேலை முழுக்கத் தரைக்குக் கீழே. வீடு கட்டிய கொத்தனார் அந்தத் தெரு வழியாகப் போகும்போது பக்கத்தில் வருகிறவருக்குக் கைநீட்டிக் காட்டலாம். நான் எதைக் காட்டுவது? தண்ணீர் கிடைத்த இடத்தில் ஒரு குழாயும் மூடியும் இருக்கும். கிடைக்காத இடத்தில் அதுவும் இருக்காது.

3

செவ்வந்தி வரைந்ததில் நான் முதலில் நின்று பார்த்த படம் ஒரு ரிக் படம். அப்போது அவள் சின்னப் பிள்ளை. பள்ளி விடுமுறையில் நான் வேலை செய்த ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். தண்ணீர் பீறிட்டு வந்தது. ஊரே கூடி நின்றது. வீட்டுக்கு வந்து அவள் வரைந்த படத்தில் ரிக்கும் இல்லை, தண்ணீரும் இல்லை. கழுத்துகள்தான் இருந்தன. தாள் முழுக்க அண்ணாந்த கழுத்துகள். கிழவன் கழுத்து, குழந்தை கழுத்து, மணிமாலை போட்ட கழுத்து. அந்தக் கழுத்துகளைப் பார்த்தாலே மேலே என்ன நடக்கிறது என்று தெரிந்தது.

"எல்லாரும் மேல பாக்கறாங்கப்பா. தண்ணி கீழ இருந்துதானே வருது?" என்றாள்.

நான் எத்தனையோ இடங்களில் தண்ணீர் காட்டியிருக்கிறேன். கழுத்துகளைப் பார்த்ததில்லை.

பிறகு பள்ளியில் சான்சிபார் கூட்டிப்போனார்கள். அங்கே பழைய வீடுகளின் மரக்கதவுகளில் செதுக்கு வேலைப்பாடு பார்க்க வெள்ளைக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். பிள்ளைகள் எல்லோரும் கதவை வரைந்தார்கள். இவள் ஒரு கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்த கல்லை வரைந்தாள். வாசல் படியில் அந்தக் கல் வருஷக்கணக்கில் உரசி ஏற்பட்ட கால்வட்டக் கோடும் படத்தில் இருந்தது. டீச்சர் கொஞ்சம் கோபப்பட்டு, பிறகு அந்தப் படத்தைத் தன் மேசைக்கு மேலே ஒட்டிக்கொண்டாராம்.

சரசுவுக்கு மட்டும் கவலை தீரவில்லை. "சோறு வேண்டாங்குது, உகாலி கேக்குது. நான் தமிழ்ல கேட்டா அந்த ஊர்ப் பேச்சுலயே பதிலு. ரோட்டுல போறவங்க அத்தன பேரையும் தெரிஞ்சு வெச்சிருக்குது, எங்கண்ணன் புள்ளைங்க பேரு கேட்டா முழிக்குது. இது நம்ம புள்ளையாவே இருக்குமுங்களா இல்ல இந்த ஊருப் புள்ளையாப் போயிருமுங்களா?" உகாலி என்பது நம் களிதான், மக்காச்சோள மாவில் கிண்டுவது. நான் அதைச் சொன்னால், "பேச்ச மாத்தாதீங்க" என்பாள்.

பிள்ளைகள் விலகிப்போவதைப் பற்றி இங்கே இருக்கிற தமிழர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் புலம்புவோம். எங்கள் வீட்டில் மட்டும் அது எதிர்ப்பக்கமாக நடக்கும் என்று நான் நினைக்கவில்லை.

4

சங்ககிரிக்கு வந்த முதல் வாரமே இருப்பிடச் சான்றுக்காகத் தாலுகா ஆபீஸ் போனோம். அங்கிருந்தவர் நல்ல மனிதர். தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"பாப்பா பொறந்தது அங்க. பாஸ்போர்ட்டு நம்முளுது. உங்க ஆதாரு சங்ககிரி, ஆனா நீங்க இங்க இல்ல. இப்ப நான் எந்த ஊர்னுங்க எழுதறது?"

"அதைக் கேக்கத்தானுங்க நாங்களும் வந்தோம்" என்றேன். சிரித்துவிட்டு, உட்காரச் சொன்னார்.

வெளியே காத்திருந்தபோது செவ்வந்தி வரைந்த படம் என்னிடம் நகலாக இருக்கிறது. மனு கொடுக்க நின்றவர்களின் வரிசை நேராக இல்லை. வேப்பமர நிழலின் ஓரம் எப்படி வளைந்ததோ அப்படியே வளைந்து நின்றார்கள். வெயில் நகர நகர வரிசையும் நகர்ந்தது. அவள் ஆட்களைப் புள்ளிகளாகவும், நிழலை ஒரே கோட்டாகவும் போட்டாள். "இவங்களுக்கு யாரும் கோடு போடலப்பா. மரம் போட்டிருக்கு" என்றாள்.

அதிலிருந்து தினமும் அவளோடு டவுன் பஸ்ஸில் சுற்றினேன். மேட்டூருக்குப் போனோம். அணையைத்தான் வரைவாள் என்று நினைத்தேன். அணையை ஒரு முறை பார்த்துவிட்டுத் தண்ணீர் ஓரமாக இறங்கிப்போய், மீன்பிடிக்கிறவர்கள் கவிழ்த்து வைத்திருந்த பரிசல்களுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பரிசலை ஒரு பக்கம் கம்பு கொடுத்துத் தூக்கி நிறுத்தி, அதன் நிழலில் ஒருவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். மேலே கருப்பு வளைவு, கீழே இரண்டு கால், நடுவில் வலை. "தண்ணில இருந்தா படகு. தரையில இருந்தா ஊடு" என்று படத்துக்குக் கீழே எழுதினாள். வீட்டை ஊடு என்று எழுதியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் தமிழ் முழுக்க அவள் அம்மாவிடமிருந்து வந்தது.

சேலத்துக்கு வெளியே ஜவ்வரிசி காய்கிற களத்தில் அவள் செய்ததுதான் என்னை அசத்தியது. ஏக்கர் கணக்கில் வெள்ளை. கண் கூசியது. இதை எப்படி வரைவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாளை அப்படியே வெறுமனே விட்டாள். கிளறிவிடுகிறவர்களின் காலடிகளை மட்டும், ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, பென்சிலால் லேசாக ஒற்றினாள். அவ்வளவுதான். தாள் களமாகிவிட்டது.

சங்ககிரி மலைக்கோட்டையில் வாசல்களை ஒன்றன் பின் ஒன்றாக வரைந்தாள். ஒவ்வொரு வாசலுக்கும் பிறகு பாதை திரும்புகிறது, மேலே ஏறி வருகிறவன் அடுத்த வாசலைப் பார்க்க முடியாது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். அந்த மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். ஆடு மேய்த்திருக்கிறேன். அவளோடு ஏறிய அன்றுதான் அந்தக் கோட்டை எனக்குக் கோட்டையாகத் தெரிந்தது.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது கோழி ஷெட்தான். உயரமான தூண்களின் மேல் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிற அந்த ஷெட்டுகளை நாமக்கல் பக்கம் யாரும் கட்டடம் என்றே நினைப்பதில்லை. இவள் நடைபாதையில் உட்கார்ந்து, கம்பி வலை வழியாக வெளிச்சம் தரையில் விழுவதைக் கோடு கோடாக வரைந்தாள். கோழிகளை வரையவில்லை. கொண்டைகளை மட்டும் சிவப்புப் பென்சிலால் தொட்டு வைத்தாள். தூரம் போகப் போகச் சிவப்புப் புள்ளிகள் சிறிதாகி, கடைசியில் ஒரு கோடாகிவிடும். மச்சான் தங்கவேலு அந்தப் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"என்ற பண்ணை இத்தன அழகாங்க மாப்ள?" என்றார்.

5

அந்தப் பண்ணையில் ஒரு கொட்டாய் தேவைப்பட்டது. காலையில் பொறுக்கிய முட்டையை அட்டைகளில் அடுக்கி, லாரி வரும்வரை வைத்திருக்க இடம் வேண்டும். பெண்கள் ஷெட்டின் ஓரத்தில் கிடைத்த நிழலில் நெருக்கி உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் வீடியோ காலில் பேசும்போது மச்சான், "என்ற மருமவதான் இதுக்குப் பிளான் போடோணும்" என்று விளையாட்டாகச் சொன்னார். செவ்வந்தி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜூலை, ஆகஸ்ட் முழுக்க தார் எஸ் சலாம் வீட்டில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து வரைந்தாள். அட்டையில் சின்னதாக ஒன்று செய்து, மதியம் வெயில் வருகிற ஜன்னலில் வைத்து நிழல் எதுவரை வருகிறது என்று பார்த்துப் பார்த்துக் கூரையை நீட்டினாள். அந்த ஜன்னல் வடக்குப் பார்த்தது. எனவே கூரை வடக்கே நீண்டது.

மச்சான் வாக்குத் தவறாதவர். பொங்கல் கழிந்ததும் படத்தில் இருந்தபடியே கட்டிக்கொடுத்தார். இரும்புத் தூண், தகர ஷீட், வடக்குப் பக்கம் வெளியே நீண்ட பெரிய இறவாரம், தெற்கே ஒட்ட வெட்டியது போலச் சின்னது. கட்டியவர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பண்ணைக்குள் லாரி வருகிற தடம் வடக்கே இருக்கிறது. லாரி பின்னால் வந்து ஒதுங்கத்தான் பாப்பா அப்படி நீட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கும் தோன்றவில்லை. நானும் அந்த வடக்கு ஜன்னலில் டீ குடித்துப் பழகியவன்தானே.

முதல் நாள் பெண்கள் சந்தோஷமாக உள்ளே போய் உட்கார்ந்தார்கள். இடம் தாராளமாக இருந்தது. செவ்வந்தி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, கட்டி முடித்த கொட்டாயை வரைந்துகொண்டிருந்தாள். கல்லூரியில் காட்டுகிற படங்களில் அதுதான் முதல் படமாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

மதியம் ஆனது. அவள் பென்சில் நின்றது.

பையிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்தாள். எங்கள் தெருவின் மதியப் படம், ஜூலையில் வரைந்தது. இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்தாள். பழைய படத்தில் நிழல் தெற்கே கிடந்தது. இன்று கண்ணுக்கு எதிரே இருக்கிற நிழல் வடக்கே கிடந்தது, பெரிய இறவாரத்தையும் தாண்டி, யாரும் உட்காராத வெறும் தடத்தில். தெற்கிலிருந்து வெயில் உள்ளே வந்து முதல் வரிசை அட்டைகளைத் தொட்டிருந்தது. பெண்கள் பேச்சு சுவாரசியத்தில் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார்களே தவிர, இன்னும் யாரும் எதையும் கவனிக்கவில்லை.

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிற எங்கள் ஊரில் வருஷத்தில் பாதிக்கு மேல் மதிய வெயில் வடக்கிலிருந்து வரும். சேலம் நாமக்கல் பக்கம் தெற்கிலிருந்து வரும். இங்கே பிறந்து அங்கே கட்டப் போகிற பிள்ளைதான் இந்தத் தப்பைச் செய்ய முடியும்.

அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டு நாள் போயிருந்தால் தானாகத் தெரிந்திருக்கும், அதற்குள் வேறு ஏதாவது காரணம் கிடைத்திருக்கும். எழுந்து போய் எல்லோர் நடுவிலும் நின்று சொன்னாள்.

"மாமா, கொட்டாயைத் தப்பாப் போட்டுட்டேன். இந்த நீளம் அந்தப் பக்கம் இருக்கோணும்."

மச்சான் வந்து அட்டைகளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, உங்க ஆப்பிரிக்காவுல சூரியன் வடக்கால போவுதா?"

"ஆமா மாமா."

அவர் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. கிண்டலுக்குக் கேட்டது. ஒரு கணம் விழித்துவிட்டு, தொடையில் தட்டிச் சிரித்தார். "கேட்டீங்களா ஆத்தா, அந்த ஊர்ல சூரியனே வேற ரூட்டுல போவுதாம்!" பெண்களும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் பதினெட்டு வயதுக்கு எல்லாச் சிரிப்பும் ஒன்றுதான்.

பிறகு அவர் அன்பாகத்தான் சொன்னார். "சரி உடு கண்ணு. பிரிச்சு மாத்திப் போட்டுக்கலாம். இதுக்குத்தான் அப்பவே சொன்னேன். வெயில்ல நின்னு பழகுனவனுக்குத்தான் இந்த வேலையெல்லாம். நீ பேசாம திருச்செங்கோட்டுல பி.காம் சேந்துக்க. நம்ம பண்ணையவே பாத்துக்கலாம்."

படங்களைச் சுருட்டினாள். நடந்தாள். நான் பின்னால் போனேன்.

6

சங்ககிரி ரோட்டில் லாரிகளுக்குக் குறைவே கிடையாது. ஒவ்வொன்றும் கடக்கும்போது அவள் துப்பட்டா ஒரு பக்கமாக இழுபட்டது. வீட்டுச் செருப்பின் வார் அறுந்துவிடும் போல இருந்தது. பஸ் வந்தால் ஏற்றிவிடலாம் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வரவில்லை.

ரோட்டோரம் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்று இருந்தது. புதுப் பாடிக்கு சைடு டோர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அந்த நீளக் கதவைத் தூக்கிப் பிடிக்க, மூன்றாமவர் கீல்களில் பின் அடித்தார். கையை விட்டதும் கதவு மொத்தமாகக் கீழே விழுந்து தொங்கி ஆடியது. மறுபடி தூக்கிக் கொக்கி போட்டார்கள். நின்றது.

செவ்வந்தியும் நின்றாள்.

"அப்பா, இதைப் புடிங்க." சுருளை என் கையில் திணித்துவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, சுவரில் வைத்து நின்றபடியே வரைய ஆரம்பித்தாள்.

பட்டறைக்காரர் வெளியே வந்தார். நரைத்த தாடி, தலையில் தொப்பி. எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"என்ன பாப்பா, வண்டி பிடிச்சிருக்கா? பெயின்ட் அடிக்கறதுக்குள்ள சொல்லிடு, உன் பேரையே எழுதிடறேன்."

அவள் நிமிரவில்லை. "இந்தக் கதவு மேல இருந்து தொங்கினா என்ன ஆகும்?"

"மேல இருந்தா? கதவு கீழ இருக்கற சரக்குக்கு வணக்கம் போடும். லாரிக்கு ஆவாது."

"லாரிக்கு இல்லீங்க. கூரைக்கு."

பாய் என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன். பிறகு மூவரும் அந்தத் தாளைப் பார்த்தோம். லாரியில் கதவுக்குக் கீழே இருக்கிற கீலை அவள் கூரையின் தெற்கு ஓரத்தில், மேலே வைத்திருந்தாள். தகரக் கதவு கூரையின் நீட்சியாக வெளியே நீண்டு நிற்கிறது. இரண்டு கம்புகள் முட்டுக்கொடுக்கின்றன. வெயில் சாய்ந்து வருகிற மாதத்தில் கம்பைக் கொஞ்சம் இறக்கினால் கதவும் இறங்கும். தூக்கிய அந்தக் கம்புகளைப் பார்த்ததும் எனக்கு மேட்டூர்ப் பரிசல் ஞாபகம் வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

"அப்ப வடக்குப் பக்கத்தைப் பிரிக்கறது?" என்று கேட்டேன்.

"எதுக்குப்பா பிரிக்கோணும்? எல்லாரும் லாரிக்குன்னுதானே நெனச்சாங்க. லாரி வந்து நிக்கட்டும்."

என் போனை வாங்கி மாமனைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் கோழிச் சத்தத்தோடு மச்சான் குரல் வந்தது.

"எங்க சாமி போனீங்க ரண்டு பேரும்? உங்க அத்தை சோத்தப் போட்டு வெச்சுக்கிட்டு என்னைய வையறா!"

"மாமா, எதையும் பிரிக்காதீங்க. வேற வழி இருக்கு."

"ஏங்கண்ணு, மறுக்காவும் சூரியனைக் கேட்டியா?"

"கேட்டேன் மாமா. இந்தத் தடவை உங்க ஊர்ச் சூரியனை."

அந்தப் பக்கம் சிரிப்பு. "செரி, செஞ்சு மாட்டு. வெயிலு நின்னுச்சுன்னா நானே உன்னையக் காலேஜுல கொண்டுபோயி உடறேன். நிக்கலீன்னா பி.காம். பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன் மாமா."

போனை என்னிடம் கொடுத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"அது நின்னுடும்ப்பா. அப்ப நீங்க தனியாத்தான் ஊருக்குப் போகோணும்." கொஞ்சம் பொறுத்து, "போலே" என்றாள்.

என் கையில் சுருள் இருந்தது. அதை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். வெளிநாடு போனவர்களின் பிள்ளைகள் விலகிப்போவார்கள் என்றுதான் கேட்டிருக்கிறேன். என் பிள்ளையும் விலகத்தான் போகிறாள். ஆனால் நான் கிளம்பிப்போன அதே ஊருக்குள் விலகுகிறாள். சரசுவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன்.

பாய் தாளைத் திருப்பிக்கொடுத்தார். "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பொங்கலுக்கு ஊருக்குப் போன வெல்டர் இன்னும் வரல தம்பி. இருக்கற வண்டியவே முடிக்க ஆளில்லை. இதை யாரு செய்யறது?"

நான் என் இடது கையைக் காட்டினேன். குட்டை விரலைப் பார்த்தார்.

"ரிக்கா?"

"ஆமாங்க."

"அப்ப வேலை தெரியும். காலையில வாங்க. உங்க கதவையும் முடிச்சுக்கங்க, என் வண்டிக்கும் ரெண்டு நாள் கை கொடுங்க."

7

இப்போது ஜூன். செவ்வந்தி மாமன் வீட்டிலிருந்தே நுழைவுத் தேர்வு எழுதிவிட்டாள், நாளை மறுநாள் அவளைப் படங்களோடு கல்லூரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். முடிவு தெரிந்த பிறகு எழுதினால் அந்த முடிவுக்கு ஏற்ற மாதிரி எழுதிவிடுவேன் என்று தோன்றியது. அதனால் இன்றே எழுதுகிறேன். என்னென்ன படம் எடுத்துப்போகிறாய் என்று போனில் கேட்டேன். கழுத்துகள், ஜவ்வரிசிக் களம், பரிசல், தாலுகா ஆபீஸ் நிழல், கோழி ஷெட் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் படம் எது என்றால், தப்பாகப் போட்ட கொட்டாயின் படம்தானாம். மதியம் பென்சில் நின்ற இடத்தில் அப்படியே அரைகுறையாக இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் எங்கள் தெருவின் ஜூலை மதியம்.

"கேட்டா என்ன சொல்லுவ?"

"ரெண்டு ஊர்ச் சூரியனும் எனக்குத் தெரியும்னு சொல்லுவேன்."

நேற்று மச்சானும் பேசினார். "மாப்ள, இந்த மாசம் இங்கயும் வெயிலு கொஞ்சம் வடக்கால சாயுதுங்க. புள்ளை நீட்டுன கூரைக்கு இப்பத்தான் வேலை வந்திருக்குது" என்றார். அன்று சொன்ன சொல்படியே நாளை மறுநாள் காரை அவரே ஓட்டிப்போகிறாராம்.

அன்று அந்தப் பட்டறையில் பேசிவிட்டுத் திரும்பியதற்கு மறுநாள் காலை, ஷட்டர் தூக்கும்போதே போய் நின்றேன். பாய் ஒரு கண்ணாடியும் பழைய தோல் கையுறையும் கொடுத்தார். இடது கையுறையின் நடுவிரல் நுனி எனக்குக் காலியாகத் தொங்கியது. செவ்வந்தி இந்த முறை நல்ல செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இரும்புக் குழாயைத் தரையில் நீட்டிப் போட்டு, பக்கத்தில் தாளை விரித்து நான்கு மூலையிலும் நட்டு வைத்தாள். டேப் பிடித்தாள். சாக்பீஸால் குழாயில் ஒரு கோடு போட்டாள். பிறகு எழுந்து போய், ஷட்டருக்கு வெளியே தன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள்.

பட்டறையில் வேலை செய்கிறவர் ஒருவர் என்னிடம் கேட்டார். "அண்ணா, நீங்க யாருகிட்டங்க வேலைக்கு?"

செவ்வந்தியைக் காட்டினேன்.

தரைக்கு மேலே நிற்கப்போகிற ஒன்றில் என் கை படுவது அதுதான் முதல் தடவை.

"இங்க வெட்டுங்கப்பா" என்றாள்.

"சரிங்க" என்று சொல்லி, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, அவள் போட்ட கோட்டின் மேல் கட்டரை வைத்தேன்.